பிரி, திருப்பித் தை

…விசரன் எண்டுதான் நான் சொல்லுவன் தம்பி! தொண்ணூறைத் தாண்டின மனிசி. மட்டக்களப்பில, சிஸ்டர்மாற்ற மடத்தில, நேரத்துக்குக் கஞ்சி, நேரத்துக்குச் செபம் எண்டு நிம்மதியா இருந்தவ. அவவுக்குப் போன் எடுத்து, "வாங்கோ ரீச்சர், துறைமுகத்துக்குள்ள வள்ளத்தில கொண்டுபோய் டொல்பின் காட்டுறம்" எண்டு ஆரோ ஒரு விசரன் சொல்லிப்போட்டானாம். அவவும் வெளிக்கிட்டிட்டா! இப்ப அந்த விசரன்ர வாயால நான் இஞ்ச விடிஞ்ச நேரம் துவக்கம் ஊசியோட நிக்கிறன்… ஆடாதீங்கோ. ஆடாதீங்கோ எண்டு சொன்னனானல்லோ! நீங்கள் ஆடினா நான் தையலைப் பாக்கிறது எப்பிடி?

கீழ பாக்கவேண்டாம் இஹ்ஸான் தம்பி. நிலத்தில இருந்து ஒரு முழம்தான் தூக்கியிருக்கிறன். சரி… ரெண்டு முழம். பயப்பிடாதீங்கோ, இந்தச் செயின்புளொக் லொறி எஞ்சின் தூக்கினது. ஒருக்கா ஒரு யானையையும் தூக்கினது, கந்தளாய்க் குளத்துச் சேத்துக்குள்ள இருந்து. அதைப் பிறகு சொல்லுறன். உங்களைத் தூக்காதோ? நீங்கள் கிண்ணியாவில நல்லாச் சாப்பிட்டு வளந்த மனிசன், ரீச்சர் இப்ப ஒரு பனையோலைப் பெட்டி அளவுதான் இருப்பா. உங்களைத் தாங்கினா அவவைப் போல நாலு பேரைத் தாங்கும். அதாலதான் "ஒருக்கா இந்தத் தொட்டில்ல ஏறி இருங்கோ" எண்டு கேட்டனான். நீங்களும் நல்ல மனசோட ஏறினீங்கள். இனிக் கொஞ்ச நேரம் தொங்கத்தான் வேணும். பாரம் தொங்கினாத்தான் தையல் வாயைத் திறக்கும்.

ஓம் ஓம், உங்கட ஓட்டோ ஹூட் எனக்கு நினைவிருக்கு. உதில கிடக்கு. கிழிசல் எங்கயும் ஓடிப்போகாது. வள்ளத்துப் படங்கு, லொறி மூடுற படங்கு, ஓட்டோ ஹூட், சீற்… இந்த உட்துறைமுக வீதியில எல்லாத்துக்கும் மேர்வின்தான். ஆனா இண்டைக்கு முதல்ல இந்தத் தொட்டில்.

ஏன் தொட்டிலோ? பின்ன எப்பிடி ஏத்திறது? ஜெட்டிக்கும் வள்ளத்துக்கும் இடையில ஆள் உயரம் இறக்கம். ரீச்சருக்கு முழங்கால் மடங்காது. நாலு பேர் பிடிச்சுத் தூக்கிறதோ? "என்னைத் தொட்டா விரல்ல அடிப்பன்" எண்டிட்டாவாம். அடிப்பா தம்பி. அவ கோடு போட வைச்சிருந்த பழைய அடிமட்டம் இப்பவும் பையுக்குள்ள இருக்குதாம். அதால இந்தப் படங்குத் தொட்டிலைத் தைச்சு, ஸைனுலாப்தீன் ஜெட்டியில கப்பி கட்டி, மெதுவா இறக்கிறது. வள்ளம் அவன்ர. அவனும் என்னோட ரீச்சரிட்டப் படிச்சவன்தான்.

இப்ப கேப்பீங்கள், ஒரு ரீச்சருக்கு இவ்வளவு எடுப்போ எண்டு. எடுப்பில்லைத் தம்பி. பயம்! எழுபதைத் தாண்டின கிழவன் நான். பெண்சாதிக்குப் பயமில்லை, டொக்டருக்குப் பயமில்லை, கடலுக்குப் பயமில்லை. அஞ்சலினா ரீச்சர் வாறா எண்டு கேட்டதில இருந்து சோறு இறங்குதில்லை.

அந்த மனிசி எங்கட வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டா, கேளுங்கோ. எங்களுக்குத் தைக்கப் படிப்பிக்க அவவை ஆரும் கேக்கேல்லை. நாங்கள் பெடியள். எங்களுக்கு மரவேலை. மரவேலை மாஸ்டர் ஒருநாள் கொழும்புக்குப் பல்லுப் புடுங்கப் போனவர், போனவர்தான். ஒரு பல்லுக்கு இவ்வளவு காலமோ! உளி, சீவுளி எல்லாம் அலுமாரிக்குள்ள, திறப்பு அவரோட. பிறின்சிப்பல் பாத்தார். "மாஸ்டர் வாறவரைக்கும் பெடியளைத் தையல் வகுப்பில இருத்துங்கோ" எண்டார். இண்டுவரைக்கும் அவர் வரேல்லை. நாங்கள் இண்டுவரைக்கும் தைக்கிறம்.

அவவுக்கு ஒரே சொல்லுத்தான் தம்பி. பிரி. தையல் கோணலோ? பிரி, திருப்பித் தை. கணக்குப் பிழையோ? பிரி. கட்டுரை எழுதினாலும் பிரி. ஒருத்தன் பூசைக்கு வராததுக்குச் சொன்ன சாட்டு, அதையும் பிரிச்சவ. கோபிக்க மாட்டா, சத்தம் போட மாட்டா. விரலை வைச்சு மெதுவாத் தடவிக்கொண்டு போவா. பிழையான இடத்தில விரல் நிக்கும். நாங்கள் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிப்பம். "பிரி."

அந்தச் சொல்லு எங்களை விடுதில்லையே! இராகுலனைத் தெரியுமல்லோ, பாங்க் மனேச்சரா இருந்து இளைப்பாறினவர், எங்களோட படிச்சவையைச் சேத்து ரீச்சருக்கு இந்தப் பாராட்டு விழாவை நடத்திறவர். கலியாண வீட்டுக்குப் போனா மாப்பிள்ளைக்குக் கைகுடுத்திட்டு அப்பிடியே கோட்டு விளிம்பைத் திருப்பிப் பாக்கிறான்! போன மாசம் ஒரு மாப்பிள்ளையின்ர தாய் கேட்டுப்போட்டா, "ஐயா, வாங்கவோ பாக்கிறீங்கள்?" எண்டு. எங்களோட படிச்சு டொக்டரா வந்த ஒருத்தர் என்ர வயித்தை வெட்டித் தைச்சவர். நான் மயக்கத்தில. மயக்கத்துக்குள்ளயும் எனக்குக் கேக்குது பாருங்கோ, அவர் பெருமூச்சு விட்டு, "இது சரியில்லை… பிரி" எண்டு தனக்குத்தானே சொல்லுறார்! இந்தா, தையலைக் காட்டுறன்… வேண்டாமோ? வடிவான தையல். ரெண்டாந்தரம் தைச்சது.

ஸைனுலாப்தீன்ர கதை இதுக்கும் மேல. வெளிக்கடல்ல எஞ்சின் நிண்டுபோச்சு. காத்து எழும்புது. படங்கை எடுத்து, தூண்டில் நூலால பாய் தைச்சவன். தைச்சு முடிச்சு, ஒருக்காத் தடவிப் பாத்திட்டு, இருந்து பிரிக்கிறான்! அலை ஏறி அடிக்குது, கூடப்போனவங்கள் கும்பிட்டு அழுகிறாங்கள், இவன் பிரிக்கிறான்! "கோணல் பாயோட கரைக்குப் போனா, அங்க ரீச்சர் நிண்டா நான் என்ன செய்யிறது?" எண்டு கேட்டானாம். இது நான் சொல்லுற கதையில்லை, அவன் சொன்னது. அதால உண்மையாயும் இருக்கலாம்.

எனக்கு என்ன கிடைச்சதெண்டோ? ம்ம். எனக்குக் கிடைச்சது இந்த வாய்.

ஒருநாள் நான் லேஞ்சி தைச்சுக்கொண்டு போகேல்லை. மூக்குத் துடைக்கிற சின்ன லேஞ்சி, நாலு பக்கமும் விளிம்பு மடிச்சுத் தைக்கவேணும். நான் கடற்கரையில பந்தடிக்கப் போட்டன். ரீச்சர் கேட்டா. "கோட்டைக்குள்ள மான் திண்டிட்டுது ரீச்சர்" எண்டன். இந்த ஊர்க் கோட்டைக்குள்ள மான் கூட்டம் கூட்டமாத் திரியுது, நடக்கிற காரியந்தானே! ரீச்சர் தலையை ஆட்டினா. "பாவம். இன்னொருக்காச் சொல்லு." நான் சொன்னனான். "முதல் சொல்லேக்க அந்த மானுக்குக் கொம்பிருந்தது. இப்ப அது குட்டிக்குப் பால் குடுக்குது. இந்த இடத்திலதான் பிரிஞ்சுபோச்சு, மேர்வின். நாளைக்கு நல்லாத் தைச்சுக்கொண்டு வா."

நான் லேஞ்சியைத் தைச்சுக்கொண்டு போனன். அவ அதைத் தொட்டும் பாக்கேல்லை. "லேஞ்சியில்லை. மான்" எண்டா!

தலையில அடிச்சிருந்தா நான் திருந்தியிருப்பன் தம்பி. அந்த மனிசி என்னைப் புளுகத் தடுக்கேல்லை. பிசகாமப் புளுகப் பழக்கிவிட்டா. அதுக்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் மான் வரும். வகுப்பு முழுக்க இருந்து கேக்கும். ரீச்சர் ரெண்டாந்தரம் சொல்லச் சொல்லுவா. எங்கயாவது ஒரு இடத்தில பிரியும். "பிரி." இண்டைக்கு இந்தத் துறைமுகத்தில என்ர கதையைக் கேக்காத ஆளில்லை. வெள்ளைக்காரன்ர கப்பலுக்கு நான் படங்கு தைச்ச கதை தெரியுமோ? ஒரு நுனி இஞ்ச, இந்தப் பட்டறையில. மற்ற நுனி அங்கால மூதூரில! நடுவில கடல்! உங்கட வாப்பாதான் அந்த நுனியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்… என்ன? போனமுறை கிண்ணியா எண்டோ சொன்னனான்?

…பாத்தியளோ. நீங்களே பிடிச்சிட்டியள். ரீச்சர் இருந்திருந்தா அதில விரலை வைச்சிருப்பா. சரி, கிண்ணியாவே இருக்கட்டும்.

கொஞ்சம் இடது பக்கம் சரியுங்கோ. அந்தக் காதுப் பக்கத்தை ரோச்லைற் அடிச்சுப் பாக்கோணும். காது எண்டா உங்கட காதில்லை, தொட்டிலின்ர காது, கயிறு பூட்டிற இடம். மூண்டு தரம் பிரிச்சிட்டன் இந்த இடத்தை. படங்கு நாலு மடிப்பு, ஊசி வளையுது, என்ர விரலும் வளையுது. கண்ணுக்கு நேராத்தான் தெரியுது. ஆனா அவ கண்ணாலயோ பாக்கப்போறா? கண் மங்கிப்போச்சாம். விரல் மங்கேல்லையாம். தொட்டிலைத் தன்ர கையால தடவிப் பாக்காம ஏறமாட்டன் எண்டு, மட்டக்களப்பில இருந்து கூட்டிவாற வானுக்குள்ள இருந்தே சொல்லி அனுப்பியிருக்கிறா. அவ "பிரி" எண்டு ஒருசொல் சொன்னா முடிஞ்சுது. திருப்பித் தைக்க நேரமில்லை, பின்னேரக் காத்துக் கிளம்பினாப்பிறகு வள்ளம் விடேலாது. நாளைக்கு அவ போறா.

என்ன அது? நூலோ? ஓம், நூல்தான் தொங்குது. தொங்கட்டும், தொடாதீங்கோ! உங்கட சீற்றிலயும் நூல் தொங்குதெண்டு போன வருசம் சண்டைக்கு வந்தனீங்களல்லோ? எல்லாரும் வருகினம். "மேர்வின் தைச்சா நல்லம், ஆனா நூல் வெட்ட மறந்திடுவார்" எண்டு ஊர்முழுக்கக் கதை. அது மறதியில்லைத் தம்பி.

சொல்லுறன். அஞ்சலினா ரீச்சர் வாயால நல்லம் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. அவவின்ர இடுப்பில ஒரு ரிபன், அதில ஒரு சின்னக் கத்திரிக்கோல். தையல் சரியெண்டா, கடைசி முடிச்சில நீட்டிக்கொண்டு நிக்கிற நூல் நுனியைப் பிடிச்சு, "கிளிக்" எண்டு வெட்டுவா. அவ்வளவுதான். அதுதான் பரிசு. அதுக்காகப் பெடியள் நாங்கள் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டிட்டு இருந்து தைச்சம். நூலை நாங்களே வெட்டக்கூடாது, அவதான் வெட்டவேணும். இராகுலன்ர நூலை முதல் மாதமே வெட்டினா. ஸைனுலாப்தீன்ர நூலை நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் வெட்டினா, அவன் பெருநாள் சட்டையை விட்டிட்டு அந்த லேஞ்சியைத்தான் ஊர்முழுக்கக் காட்டினவன். ஒவ்வொருத்தனாக் கிளிக், கிளிக், கிளிக்… என்ரதை?

என்ரதை வெட்டவேயில்லை.

எப்பவும் ஒரு இடத்தில விரல் நிண்டுபோகும். பள்ளிக்கூடத்தை விட்ட அண்டைக்கும் நூல் தொங்கத் தொங்கத்தான் லேஞ்சியை வீட்ட கொண்டுபோனனான். பிறகு தொழிலுக்கு வந்தன். முதல் படங்கு தைச்சு முடிச்சு, கத்திரிக்கோலை எடுக்கிறன், கை போகுதில்லை. ஆரோ வந்து வெட்டட்டும் எண்டு விட்டன். விட்டது விட்டதுதான். இவ்வளவு காலம் எத்தனை படங்கு, எத்தனை ஹூட்… எல்லாத்திலயும் ஒரு நூல் தொங்குது தம்பி, இந்த ஊர் ரோட்டு முழுக்க. என்ர பெண்சாதி என்ர சேட்டுப் பொத்தான்ர நூலை வெட்டினாலும் எனக்கு ஒருமாதிரித்தான் இருக்கும். "நீங்கள் அந்த ரீச்சரையே கட்டியிருக்கலாம்" எண்டு பேசுவா.

என்ன கேக்கிறீங்கள்? …ஆர் அந்த விசரன் எண்டோ?

அதைத்தான் இராகுலனும் தேடித் திரியிறான். பாவம், மண்டபம் பிடிச்சு, பனர் அடிச்சு, பொன்னாடை வாங்கி வைச்சிருந்தவன். ரீச்சர் முதல்ல வரமாட்டன் எண்டிட்டா. "மேடையில ஏத்தி இருத்தி, ஆள்மாறி ஆள் பேசி, என்னைப் பொய்யாப் புகழ்வீங்கள். எனக்கு நேரமில்லை." தொண்ணூறு தாண்டினவவுக்கு நேரமில்லையாம்! அவன் ரெண்டு தரம் நேரில போய்க் கெஞ்சினவன். சிஸ்டர்மாரும் சொல்லிப் பாத்தவை. மாட்டவே மாட்டாவாம். பிறகு திடீரெண்டு ஒருநாள் அவவே போன் எடுத்து, "வாறன், ஆனா மண்டபத்துக்கில்லை, வள்ளத்துக்கு. டொல்பின் பாக்க" எண்டா இராகுலனுக்கு எப்பிடி இருக்கும்? இப்ப பொன்னாடையையும் வள்ளத்தில வைச்சுத்தான் போத்தவேணும். "அந்த நாயைக் கண்டுபிடிச்சாக் கடலுக்குள்ள தள்ளுவன்" எண்டு நேற்று இதே கதிரையில இருந்து கத்தினவன். "தள்ளத்தான் வேணும்" எண்டு நானும் சொன்னனான்.

அவனுக்குச் சொல்ல ஏலாது. உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் தொங்கிக்கொண்டு இருக்கிறீங்கள், ஓடிப்போய்ச் சொல்ல மாட்டீங்கள்.

நான்தான்.

சிரிக்காதீங்கோ, தொட்டில் குலுங்குது! பின்ன என்ன செய்யச் சொல்லுறீங்கள்? அவ வரமாட்டன் எண்டிட்டா. இன்னும் எத்தனை வருசம் இருப்பா? அவவும் போட்டா என்ர நூலை ஆர் வெட்டுறது? அதால போனை எடுத்தன். "ரீச்சர், மேர்வின் கதைக்கிறன்." "எந்த மேர்வின்? மானோ?" எண்டா. அவ்வளவு பேரைப் படிப்பிச்சவ, உடன மான் எண்டா தம்பி! விழாவுக்கு வாங்கோ எண்டு கேக்கத் திறந்த வாயில இருந்து டொல்பின்தான் வந்தது. நான் என்ன செய்ய? "நான் விசிலடிச்சா முன்னுக்கு ஒண்டு வரும் ரீச்சர், பின்னுக்குத் தாயும் குட்டியும், தாயின்ர செட்டையில ஒரு வெட்டுக் கிடக்கும்" எண்டன்.

அங்கால இருந்து மெதுவா, "இன்னொருக்காச் சொல்லு."

சொன்னனான். ஒரு சொல்லுப் பிசகேல்லை! முன்னுக்கு ஒண்டு, தாய், குட்டி, வெட்டு. "எங்கயும் பிரியேல்லை, மேர்வின். வாறன்" எண்டிட்டு வைச்சிட்டா. நம்பினாவோ, நம்பாமத்தான் வாறாவோ… எனக்கு விளங்கேல்லைத் தம்பி. புளுகு பாஸ். தையல்தான் இன்னும் இல்லை.

…உஷ்! ரீச்சர்ர வானோ அது? வான்தான்! மாதாவே! பொறுங்கோ, இறக்கிறன், இறக்கிறன், காலை நீட்டாதீங்கோ… சங்கிலி… ஆ. இறங்குங்கோ. தொட்டிலை மிதிக்காம! வேர்வையோ இது? துடையுங்கோ கெதியா. இஞ்ச கேளுங்கோ, ரீச்சர் உங்களைக் கேப்பா. கிண்ணியா ஆள், கடல் தெரிஞ்ச ஆள் எண்டு உங்களைத்தான் நம்புவா. நான் விசிலடிச்சு டொல்பின் வந்ததைக் கண்டனீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. ரெண்டாந்தரம் கேட்டாலும் அதையே சொல்லவேணும், கூட்டிக் குறைக்கக்கூடாது. ஹூட் சும்மா தைச்சுத்தாறன், காசு வேண்டாம்! என்ன, தலையைச் சொறியிறீங்கள்? பக்கத்திலயே நில்லுங்கோ. எங்கயும் போயிடாதீங்கோ. முக்கியமா இப்ப!

வாங்கோ ரீச்சர்! இறங்கவேண்டாம், கதவைத் திறந்தாப் போதும், நான் கொண்டுவாறன். ஓம் ரீச்சர், மேர்வின். ஓம், மான். தலைமயிரோ? அது போட்டுது ரீச்சர். இந்தா, தொட்டில். பாரமோ? உங்கட மடியில வைக்கட்டோ?

…மெதுவா ரீச்சர். அது அடிப்பக்கம். ஓம், இரட்டைத் தையல். …அது பக்கவாட்டு. ஓம். …அது கயிறு பூட்டிற காது ரீச்சர். …இடது காது.

ரீச்சர்?

விரலை ஏன் நிப்பாட்டிட்டியள்? அந்த இடம் தெரியும் ரீச்சர். மூண்டு தரம் பிரிச்சிட்டன், படங்கு தடிப்பு, அதால… இல்லை, சாட்டுச் சொல்லேல்லை. பேசாம நிக்கிறன்.

கத்திரிக்கோலோ? …என்ரதைத் தரட்டோ? உங்களிட்ட இருக்கோ. …அதே ரிபனோ ரீச்சர். சரி. பிரியுங்கோ. பரவாயில்லை. நாளைக்குப் போகேக்க ஒரு மணித்தியாலம் பிந்திப் போனீங்கள் எண்டா விடிய முதல் நான் திருப்பித்…

…

கேட்டுதோ! இஹ்ஸான் தம்பி, கேட்டியளோ? கிளிக் எண்டுது! வெட்டிப்போட்டா! நூலை வெட்டிப்போட்டா! இந்தா நுனி, என்ர உள்ளங்கையில கிடக்கு, வந்து பாருங்கோ! நீங்கள்தான் சாட்சி, இராகுலனுக்கு நீங்கள்தான்… தம்பி? …தம்பி! ஐயோ, ஓட்டோவை எடுத்துக்கொண்டு போறான்! ஹூட்டும் இல்லாம பறக்கிறான்! டேய், நில்லடா! பொய் சொல்ல வேண்டாம், இது உண்மை! இதையாவது வந்து பாத்திட்டுப் போ!

போட்டான். இனி நான் இதை எந்தக் கடையில சொன்னாலும் ஒருத்தரும் நம்பாயினம். ரீச்சர், நீங்களே இராகுலனுக்கு ஒருக்காச் சொல்லுவீங்களோ…? பிறகோ. சரி. ஜெட்டிக்குத்தான் ரீச்சர், இதால நேர போனாச் சரி, நான் முன்னுக்கு ஏறுறன்.

என்ன ரீச்சர்? டொல்பினோ?

…வரும் ரீச்சர். நான் விசிலடிச்சா முன்னுக்கு ஒண்டு வரும் ரீச்சர், பின்னுக்குத் தாயும் குட்டியும். தாயின்ர செட்டையில ஒரு வெட்டுக் கிடக்கும்.

இன்னொருக்காவோ?

நான் விசிலடிச்சா முன்னுக்கு ஒண்டு வரும் ரீச்சர், பின்னுக்குத் தாயும் குட்டியும். தாயின்ர செட்டையில ஒரு வெட்டுக் கிடக்கும்.